காற்றுக்குப் போட்ட குழாய்

சொட்டு என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு; அது அவருக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். முப்பது வருடமாகத் தண்ணீர்க் குழாய் வேலை. "நான் போட்ட ஜாயிண்டுல ஒரு சொட்டு விழுந்தா என் பேரை மாத்திக்கிறேன்" என்று போகிற வீட்டிலெல்லாம் மார்தட்டி, ஒரு சொட்டும் விழாமலே பெயர் மாறிப்போன மனிதர். ஆள் கொஞ்சம் கட்டை, குரல் கொஞ்சம் பெரிசு, ரோஷம் அதைவிடப் பெரிசு. தப்பு என்ற வார்த்தை அடுத்தவர் வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவர் வாயில் வரும்.

அன்றைக்குப் பதினொரு மணி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. டயர் கடைக்காரர் போன் பண்ணி, "குழாய் வெடிச்சுடுச்சு, கையோட கிளம்பி வாங்க" என்றார். சொட்டு பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினால் தரை காய்ந்து கிடக்கிறது.

"எங்கங்க தண்ணி?"

"தண்ணின்னு யார் சொன்னா? காத்துக் குழாய்ங்க. கம்ப்ரசர்லேருந்து வருதில்ல, அது."

சொட்டு அண்ணாந்து பார்த்தார். சுவரோரமாக ஓடிய சாம்பல் நிற பி.வி.சி. பைப்பில் நடுவே இரண்டு முழத்தைக் காணோம். உடைந்து தொங்கவில்லை, விரிந்து கிடக்கவில்லை, காணவே காணோம். மிச்சமிருந்த இரண்டு நுனியும் சீவிவிட்டது போலக் கூராக நின்றன. எதிர்ச் சுவரில் ஒரு மர அலமாரி. அதன் கதவில் விரல் நீளப் பைப்புச் சில்லு ஒன்று பாதிவரை இறங்கியிருந்தது. அலமாரிக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடந்தது.

"இதுல யாரு உக்காருவா?"

"நான்தான்" என்றார் டயர் கடைக்காரர். "டீ குடிக்கலாம்னு எழுந்து போனேன். வாசல் தாண்டல, டமார்னு சத்தம். டயர்தான் வெடிச்சுதுன்னு நெனச்சேன்." அப்புறம் யாரோ வாங்கிக் கொடுத்த டீ இன்னும் அவர் கையிலேயே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஆறிப்போயிருந்தது.

கம்ப்ரசரின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக் தலையை நிமிர்த்தினார். "எந்தப் புண்ணியவான் தண்ணி பைப்பைக் காத்துக்குப் போட்டான்னு தெரியல."

அந்தப் பைப்பு அவர் போட்டதில்லை; ஆனாலும் சொட்டுவுக்குச் சுருக்கென்றது. "தண்ணி பைப்புன்னா மட்டமா? இது பத்து கிலோ பிரஷர் தாங்கும். பைப்பு மேலயே அச்சடிச்சிருக்கான் பாருங்க. உங்க கம்ப்ரசர் எட்டு கிலோ. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"அந்தப் பத்து கிலோ தண்ணிக்குச் சொன்னதுங்க." மெக்கானிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். இதைப் பலபேருக்குச் சொல்லிச் சலித்தவர் போலிருந்தது. "தண்ணிய அமுக்க முடியாது. பைப்பு விரிசல் விட்டா கொஞ்சம் பீச்சும், பிரஷர் எறங்கிடும், முடிஞ்சுது. காத்து அப்படி இல்ல. ஒரு ரூம் காத்தைப் புடிச்சு அமுக்கி அமுக்கி உள்ள ஏத்தி வெச்சிருக்கோம். அது எங்க வழின்னு பாத்துட்டே இருக்கும். மயிரிழை கெடச்சாப் போதும், மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வரும். இந்த பிளாஸ்டிக் கிழியாது, சில்லு சில்லாத் தெறிக்கும்."

"புதுசா இருந்தா தாங்கும்ல?"

"தாங்கும். அதுதான் வம்பே. ஒரு வருஷம் தாங்கும், மூணு வருஷம் தாங்கும். கம்ப்ரசர் சூடு, எண்ணெய் ஆவி, மேல தகரத்துச் சூடு, எல்லாம் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ள கண்ணாடியாயிட்டே வரும். வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது. ஜாயிண்ட்டை மோசமாப் போட்டிருந்தாக்கூட முன்னாடியே கசிஞ்சு காட்டிக்குடுத்துடும். நல்லாப் போட்டவன் பைப்புதான் ஒருநாள் நடுவுல வெடிக்கும். காத்துக்கு இரும்பு போடணும், இல்ல செம்பு, இல்ல காத்துக்குன்னே வர்ற அலுமினியம்."

சொட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், இதே சாம்பல் நிறப் பைப்பை, தகரக் கூரைக்குக் கீழே, தன் கையாலேயே போட்டிருக்கிறார். ஜாயிண்ட் ஒவ்வொன்றும் நகை வேலை. போட்ட இடம் தங்கச்சியின் பட்டறை. பைப்பு போகிற பாதை அவள் தலைக்கு நேர் மேலே.

அலமாரிக் கதவிலிருந்து அந்தச் சில்லைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். டயர் கடைக்காரர் பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அந்தப் பைப்புக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மனுஷன் ஏன் அப்படி ஓடினார் என்பது விளங்காது. அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவர் சொட்டு. அவளை டீச்சராக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவளோ காலேஜுக்குப் போகிறேன் என்று கிளம்பி, சோபாவுக்கு மெத்தை தைக்கிற கடையில் போய் உட்கார்ந்து வேலை பழகினாள். அங்கேயே மரச்சட்டம் செய்கிற தச்சரைப் பிடித்துப்போய், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்றாள். சொட்டு கல்யாணத்துக்குப் போகவில்லை. ஏழு வருடம் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் இரண்டு தரம் வந்து கதவைத் தட்டினாள். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். இரண்டாவது தரம் அவள் வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள். ஜன்னல் இடுக்கு வழியாக அதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் ஒருநாள் யாரோ பேச்சுவாக்கில், "உன் தங்கச்சி சொந்தமாப் பட்டறை போட்டிருக்கா தெரியுமா? தரையில கெடந்த காத்து ஹோஸ் தடுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிடுச்சாம்" என்றார்கள். மறுநாள் விடிந்ததும் சொட்டு ஒரு கட்டுப் பைப்பைத் தோளில் சுமந்துகொண்டு அந்தப் பட்டறை வாசலில் போய் நின்றார். தங்கை கையில் கட்டோடு வெளியே வந்தாள். ஏழு வருடம் கழித்து அண்ணன் தங்கையிடம் பேசிய முதல் பேச்சு, "ஏணி இருக்கா?" என்பதுதான். மூன்று நாள் வேலை செய்தார். ஹோஸ் தரையில் படாதபடி மேலேயே லைன் ஓட்டி, அவள் உட்காருகிற இடத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் இறக்கிக்கொடுத்தார். சோறு போட்டாள், சாப்பிட்டார். நடந்தது நடந்துவிட்டது என்றோ, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றோ ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியது எல்லாம் அந்தப் பைப்புதான் என்று அவளும் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி அதை ஈரத்துணியால் துடைப்பாள். வருகிறவர்களிடம் மெத்தையைக் காட்டுவதற்கு முன்னால் பைப்பைக் காட்டுவாள். "எங்கண்ணன் போட்டது."

சொட்டு வழியில் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்திப் போன் போட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். பின்னால் கம்ப்ரசர் கடகடவென்று ஓடுகிற சத்தம்.

"பாப்பா, கம்ப்ரசரை நிறுத்து."

"என்னண்ணே? கேக்கல."

"கம்ப்ரசரை நிறுத்துன்னேன்."

"எதுக்கு?"

இங்கேதான் சொட்டுவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. "சும்மா... நிறுத்தி வை. நான் வந்து சொல்றேன். நீ கொஞ்சம் வெளிய போய் உக்காரு."

"வெளிய உக்காந்து காத்து வாங்கவா? பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் பன்னெண்டு நாற்காலி, சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வருதுண்ணே. இன்னும் அஞ்சு பாக்கி. நீ சாப்பிட வரியா, அதச் சொல்லு. முட்டை அவிக்கச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டாள். சொட்டு வண்டியைக் கிளப்பினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் எழுந்து ஓடியிருப்பாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வாயில் வரவில்லையே என்று வண்டி ஓட்டிக்கொண்டே தன்னைத்தானே திட்டினார்; வீட்டில் சொல்ல முடியாத வார்த்தைகளால் திட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டுதான் பட்டறை. முன்பாதி மரம், பின்பாதி மெத்தை. ஒரு பக்கம் மரத்தூளும் வார்னிஷும் மணக்கும். இன்னொரு பக்கம் ஸ்பாஞ்சும் ரெக்சினும் பசையும். தங்கை சக்கரம் வைத்த தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் நாற்காலியின் இருக்கைப் பலகையைக் கவிழ்த்து வைத்து, ரெக்சினை இழுத்துப் பிடித்துக் காற்றில் ஓடுகிற, ஊசியாணி அடிக்கும் பின் கன்னால் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தாள். ஷெட் வாசலில் அடுப்பை வைத்து மாப்பிள்ளை சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவசர ஆர்டர் வந்தால் சமையல் அவருடையது.

"வாங்க மச்சான். வாசனை புடிச்சுட்டே வந்துட்டீங்களா?"

சொட்டு பதில் சொல்லாமல் நேரே உள்ளே போய் கம்ப்ரசரின் சுவிட்சைத் தட்டினார். கடகட சத்தம் நின்றது.

"என்னண்ணே நீ" என்றாள் தங்கை. "வந்ததும் வராததுமா."

"இந்தப் பைப்பை மாத்தணும் பாப்பா. பழசாயிடுச்சு."

"மூணு வருஷத்துல என்ன பழசு? உன் வீட்டுத் தண்ணிப் பைப்பு இருபது வருஷம் ஆச்சு. அதைச் சொன்னா அடிக்க வருவே."

"கலரும் மங்கிடுச்சு."

"நேத்துதான் தொடச்சேன். உன் மூஞ்சிதான் மங்கியிருக்கு." அவள் எழுந்து வந்து சுவிட்சில் கை வைக்கப்போனாள். சொட்டு குறுக்கே நின்று சுவிட்சைக் கையால் மூடிக்கொண்டார். தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று.

"கழட்டிட்டுப் போகப் போறியா?"

"ஆமா. கழட்டத்தான் போறேன்."

"நான் என்ன பண்ணேன் இப்ப? போன வாரம் நீ வந்தப்ப கஸ்டமர் இருந்தாங்க, எழுந்து வரல. அதுக்கா? போன தடவையும் இப்படித்தான் ஒண்ணுமே சொல்லாம முகத்தைத் திருப்பிட்டுப் போனே. ஏழு வருஷம். எதுன்னாலும் வாயைத் திறந்து திட்டிட்டுப் போயேன் அண்ணே. போட்டதைக் கழட்டிட்டுப் போகாதே." சொல்லிவிட்டுப் போய்த் தன் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அதை மறைக்க ரெக்சினை எடுத்து வைத்து இழுக்க ஆரம்பித்தாள்.

அவள் தலைக்கு மேலே இரண்டு முழம் உயரத்தில் பைப்பு. சொட்டு அதைப் பார்த்தார், கம்ப்ரசர் மேலிருந்த பிரஷர் மீட்டரைப் பார்த்தார். தூக்கிவாரிப்போட்டது. முள் இன்னும் எட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. மோட்டாரைத்தானே நிறுத்தினார்? ஏற்றிய காற்று டேங்கிலும் பைப்பிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அவர் இத்தனை நேரம் வாயை மென்றுகொண்டு நின்றதும் அந்த எட்டுக் கிலோவுக்குக் கீழேதான்.

அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. பாய்ந்து போய் தங்கை உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவளோடு சேர்த்துப் பின்னாலிருந்து தள்ளினார். சக்கரம் கரகரவென்று உருண்டது. மடியிலிருந்த பலகை ஒரு பக்கம் விழுந்தது, பின் கன் ஒரு பக்கம் தொங்கியது. "அண்ணே, என்னண்ணே பண்றே" என்று அவள் கத்தக் கத்த, மரத்தூளில் கோடு கிழித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே அடுப்பைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். மாப்பிள்ளை சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்.

"நான் போட்டது தப்பு" என்றார் சொட்டு. மூச்சு வாங்கியது. "அது தண்ணிக்குப் போடற பைப்பு. காத்துக்குப் போடக்கூடாது. எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் இல்ல, எவனையும் கேக்கவும் இல்ல. பத்து கிலோன்னு எழுதியிருந்துச்சு, போட்டுட்டேன். வெடிச்சா கத்தி மாதிரி வரும்." சட்டைப் பையிலிருந்து சில்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "டயர் கடையில இன்னிக்கு வெடிச்சுது. அலமாரியிலேருந்து புடுங்கிட்டு வந்தேன். மரக்கதவு, பாப்பா. மூணு வருஷமா உன் தலைக்கு மேல இதைத்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கேன்."

தங்கை சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். சாதாரணமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனிதர். அன்றைக்குத் திரும்பி உள்ளே ஓடிய பைப்பைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

"இதைத்தான் போன்ல சொல்ல முடியலையா உனக்கு?" என்றாள் தங்கை.

"முடியல."

"செத்துப்போயிருப்பேன் அண்ணே."

"தெரியும்" என்றார் சொட்டு. அழுதுவிட்டார். கட்டையான ஆள், குரலும் பெரிசு. அழுகையும் பெரிசாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

காற்றை இறக்க வேண்டும். டேங்குக்கு அடியில் ஒரு வால்வு உண்டு. அதைத் திறக்க உள்ளே போயாக வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்று சொட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இருங்க மச்சான்" என்று மாப்பிள்ளை இரண்டு கனமான பலகைகளை எடுத்து வந்தார். "ஆளுக்கு ஒண்ணு. தலைக்கு மேல புடிச்சுக்கிட்டுப் போவோம். வால்வு இறுகியிருக்கும், நீங்க ஒரு கையால திருப்ப முடியாது."

"உனக்கு எதுக்கு மாப்ள."

"பைப்பு போட்டப்ப ஏணியைப் புடிச்சுக்கிட்டவன் நான்தானே. தப்புல எனக்கும் பங்கு உண்டு."

இரண்டு பேரும் பலகையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகக் குனிந்து போனார்கள். தங்கை ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே உலோகம் உரசுகிற சத்தம். அப்புறம் உஸ்ஸென்று ஆரம்பித்தது. டேங்கில் தேங்கியிருந்த துருத்தண்ணீர் முதலில் வந்தது, பின்னாலேயே காற்று. அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் தகரக் கூரை படபடவென்று வெயிலில் முறுக்கிக்கொண்டது. மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது. "ஆறு" என்றார் மாப்பிள்ளை உள்ளேயிருந்து. "நாலு... ரெண்டு... பூஜ்யம். முடிஞ்சுது, நீ மூச்சு விடு."

பைப்பு வெடிக்கவில்லை. சொட்டு ஏணி போட்டு ஏறி, மாப்பிள்ளையின் ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து இறக்கினார். இறக்கிய துண்டுகளை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவது துண்டில் நீளவாக்கில் வெள்ளையாக ஒரு கோடு, தலைமுடி கனத்துக்கு. துணியால் துடைத்தார், போகவில்லை. அது தங்கை உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே இருந்த துண்டுகூட இல்லை. ஒரு முழம் தள்ளி. ஒரு முழம் என்ன பெரிய தூரம். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கிறவரைக்கும் பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"வேற எங்கெல்லாம் போட்டே?"

சொட்டு சொம்பைக் கீழே வைத்தார். உன் பட்டறையைப் பார்த்துத்தான் கேட்டார்கள் என்று சொல்ல வந்தவர், அதை விழுங்கிக்கொண்டார். "மூணு இடத்துல."

"போன் பண்ணு."

"நாளைக்குக் காலையில நேர்ல போய்ப் பக்குவமா..."

"நாளைக்குக் காலையில வரைக்கும் அங்க யாரு உக்காந்திருக்கறது?"

சொட்டு போனை எடுத்தார். முதல் ஆள் சைக்கிள் கடை. விஷயத்தைக் கேட்டதும் ஒரு மூச்சு திட்டிவிட்டு, நிறுத்திவிட்டேன் என்றார். காற்றை முழுக்க இறக்க வேண்டும் என்று சொட்டு சொல்லச் சொல்ல அவர் செய்தார். முள் பூஜ்யத்துக்கு வந்ததைச் சொன்ன பிறகுதான் போனை வைக்கவிட்டார். இரண்டாவது, கார் கழுவுகிற இடம். அங்கே கம்ப்ரசரே போன மாதம் பழுதாகி ஓரமாகக் கிடக்கிறதாம். சொட்டு வாழ்க்கையிலேயே ஒரு இயந்திரம் கெட்டுப்போனதற்கு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். மூன்றாவது இடம் மரப்பொம்மைப் பட்டறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலு தரம் போட்டார்.

"அங்க எத்தனை பேர்?"

"எட்டுப் பொம்பளைங்க. வரிசையா உக்காந்து பெயிண்ட் அடிப்பாங்க. சத்தத்துல போன் கேக்காது." எழுந்தார். "நான் போயிட்டு வந்துடறேன்."

"நானும் வரேன்."

"உனக்குத்தான் அஞ்சு நாற்காலி பாக்கி இருக்கே."

"நீ தனியாப் போனா வாசல்ல நின்னுக்கிட்டு, பைப்பு பழசாயிடுச்சு, கலர் மங்கிடுச்சுன்னு ஆரம்பிப்பே. அரை நாள் ஆகும்." சொல்லிக்கொண்டே சேலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். "என்னங்க, நீங்க சுத்தியலும் குட்டி ஆணியும் வெச்சு ஆரம்பிச்சுடுங்க. மடிப்பு மட்டும் நான் சொன்ன மாதிரி இருக்கணும்."

"நான் மரம் அறுக்கறவன்" என்றார் மாப்பிள்ளை. "மடிப்பு எப்படி வரும்னு சொல்ல முடியாது. பல் வலியோட வர்றவன் மடிப்பையா பாக்கப் போறான்." ஆனால் அப்போதே ஆணி டப்பாவைத் தேட ஆரம்பித்திருந்தார்.

பொம்மைப் பட்டறைக்குப் பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். நீளமான கூடம். இரண்டு பக்கமும் பெஞ்சு. எட்டுப் பெண்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு குட்டி குட்டி வாத்துகளுக்கு மஞ்சள் பெயிண்ட் தூவிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் தலைக்கும் மேலாக, தராசு பிடித்தது போல ஒரே மட்டத்தில், ஒரு இஞ்ச் கோணாமல் ஓடியது சாம்பல் நிறப் பைப்பு. அன்றைக்குப் போட்டு முடித்துவிட்டு அதன் அழகைப் பார்த்து அவரே சொக்கி நின்ற பைப்பு அது.

மூலையில் கம்ப்ரசர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. சொட்டு வாசலில் நின்று, "அம்மா, ஒரு நிமிஷம்" என்றார். ஒருத்தரும் திரும்பவில்லை. "கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். கேட்கவில்லை. சுவிட்ச் கூடத்தின் அந்தக் கோடியில். அதுவரை நடந்துபோய் அதைத் தட்டுவதற்குக் கூடக் காத்திருக்க அவரால் முடியவில்லை. நுரையீரலில் இருந்த மொத்தத்தையும் சேர்த்துக் கத்தினார்.

கம்ப்ரசருக்கு ஒரு குணம். டேங்கு நிறைந்ததும் தானாகவே நின்றுவிடும். சரியாக அந்த நொடியில் அது நின்றது. கூடமே நிசப்தமாக, அந்த நிசப்தத்தின் நடுவில் சொட்டுவின் குரல் மட்டும் தகரம் அதிர விழுந்தது.

"நான் போட்டது தப்பு."

எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கையிலிருந்த வாத்து பாதி மஞ்சளோடு அந்தரத்தில் நின்றது. பட்டறை நடத்துகிற அம்மாள் உள் அறையிலிருந்து வெளியே வந்தார். "குழாய்க்காரரா? என்ன தப்பு?"

சொட்டு தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். தங்கை பின்னால்தான் நின்றாள். தூண்டிவிடவில்லை.

"மேல போட்டிருக்கற பைப்பு காத்துக்கு ஆகாதும்மா. வெடிக்கும். நான்தான் தெரியாம போட்டேன். எல்லாரும் கையில இருக்கறதை வெச்சுட்டு வெளிய வந்துடுங்க, காத்தை நான் எறக்கறேன். இரும்புப் பைப்பு நானே என் செலவுல போட்டுத் தரேன். அதுவரைக்கும் இதுல காத்து ஏத்தாதீங்க."

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வெடிக்கும் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த நிமிஷம் கூடம் காலி. தங்கை வாசலில் நின்று எண்ணி எண்ணி அனுப்பினாள். எட்டுப் பேரும் அந்த அம்மாளும் வந்த பிறகுதான் அண்ணனுக்குத் தலையாட்டினாள். ஒரு பெஞ்சுப் பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சொட்டு உள்ளே போனார்; மூலையில் அதைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் அடியில் குனிந்து இரண்டு கையாலும் வால்வைத் திருப்பினார். உஸ்ஸென்ற சத்தம் அடங்குகிறவரை எல்லோரும் வெளியே வேப்பமர நிழலில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே வந்ததும் அந்த அம்மாள் கோபமாகத்தான் ஆரம்பித்தார். "இத்தனை பேரை வெச்சுக்கிட்டு வேலை பாக்கறேன், ஒரு வார்த்தை விசாரிச்சுப் போட்டிருக்கக் கூடாதா?" நியாயமான திட்டு. சொட்டு தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை வாங்கிக்கொண்டார். முடிந்ததும் அந்த அம்மாளே, "வந்து சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது" என்று இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. எதிர்க்காற்று நன்றாக அடித்தது. தங்கை பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார். ஒரு நாற்காலி முடிந்ததாம், பார்த்தால் சிரிக்கக்கூடாதாம்.

"சொட்டுங்கற பேரு போச்சு" என்றார் சொட்டு.

"போகட்டும். நல்ல பேரா அது?" அப்புறம், "அண்ணே, ஒண்ணு கேக்கவா?" என்றாள்.

"கேளு."

"அன்னிக்கு உன் வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் நின்னேனே. நீ உள்ளதானே இருந்தே?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "இருந்தேன். ஜன்னல்ல பாத்துட்டே இருந்தேன். நான் பண்ணது தப்பு பாப்பா. ஏழு வருஷமும் தப்பு."

"கேக்கல" என்றாள் தங்கை. "காத்து அடிக்குது. சத்தமா சொல்லு."

சொட்டு சத்தமாகச் சொன்னார். சாலையோரம் நடந்துபோன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் கேக்கல" என்றாள். அவள் நெற்றி அவர் முதுகில் சாய்ந்திருந்தது, சட்டை நனைந்துகொண்டிருந்தது. அவளுக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது என்று சொட்டுவுக்கும் தெரியும். மூன்றாவது தடவையும் சொன்னார்.